புதுமடத்துக்கு வந்த லாகோஸ் கேசட்

களப்பணிக்குக் கிளம்பப் போகும் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்லுங்கள் என்று துறையில் கேட்டார்கள். கேள்வித்தாள் தயாரிப்பது, பேட்டியை எழுத்தில் இறக்குவது, அட்டவணை போடுவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதிலெல்லாம் எனக்கே இன்னும் சந்தேகம் உண்டு. சந்தேகமே இல்லாமல் எனக்குத் தெரிந்தது பொறாமை ஒன்றுதான். முப்பது வருட வேலையில் அதை மட்டும் ஒரு நாள்கூட லீவு போடாமல் செய்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் பக்கத்து நாற்காலிக்காரரை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று நான் வந்ததிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம் என்னுடையது. கடலை நான் முதலில் கிட்டத்தில் பார்த்ததே வேலையில் சேர்ந்த பிறகுதான். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு சின்ன ஆய்வுக்காகப் புதுமடம் போய்வந்துகொண்டிருந்தேன். இரண்டாயிரம் ஆண்டு தாண்டி மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். அங்கே ஒரு வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்குத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். டிவியில் ஒரு படம் ஓடியது. கறுப்பு நிறப் பெண்கள், தலையில் பெரிய துணிக்கட்டு, ஒருத்தி இன்னொருத்தியை வாசலில் வைத்துத் திட்டுகிறாள். டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு டேப்ரிக்கார்டரை ஓடவிட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு ஆண்குரல், நம் ஊர்த் தமிழில், கதை சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்தா வாரா பாரு, குண்டா ஒருத்தி. அவதான் மாமியா. வாயத் தொறந்தா மூடமாட்டா. நம்ம தெருவுல யாரு மாதிரின்னு நான் சொல்லமாட்டேன், நீங்களே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்க."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கை காட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அது மைமூன் வீடு. குரல் அவள் கணவர் சாகுலுடையது. அவர் நைஜீரியாவில் லாகோஸ் நகரத்தில் ஒரு சிடிக் கடையில் மேனேஜர் என்று ஊர் முழுக்கத் தெரியும். அந்த நாட்டிலும் கானாவிலும் அப்போது ஒரு சினிமா கிளம்பியிருந்தது. தியேட்டரை நம்பாத சினிமா. சின்ன வீடியோ கேமராவை எடுத்துக்கொண்டு யாராவது வீட்டுக் கூடத்திலேயே சில நாட்களில் படத்தை முடித்து, சிடியில் ஏற்றி நேராகச் சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மாமியார் கொடுமை, ரெண்டாந்தாரம், திடீர்ப் பணக்காரன், மாந்திரீகம் என்று வீட்டுக்குள் நடப்பதைத்தான் எடுத்தார்கள். நடிக்கிறவரில் இருந்து சிடியை உறையில் போடுகிறவர் வரை ஊர்ப்பட்ட சனம் அதில் பிழைத்தது. சாகுல் லீவில் வருகிறவர்களிடம் அந்த சிடிகளைக் கொடுத்துவிடுவார். பாஷை புரியாதே என்று, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேசட்டில் காட்சி காட்சியாகக் கதை பேசிச் சேர்த்து அனுப்புவார்.

நான் பாசியை விட்டேன், படத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கோ இருக்கிற ஒரு சினிமா, புதுமடத்தில் ஒரு தெருவை என்ன செய்கிறது என்று எழுதத் தொடங்கினேன். தையல்காரர் ஒருவர் அந்தப் படங்களில் வரும் உப்பலான கையை ரவிக்கையில் தைத்துக் கொடுத்து, "லாகோஸ் கை" என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. புருஷன் வெளிநாட்டில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான் என்பதை வாய்திறந்து சொல்லாத ஒருத்தி, ரெண்டாந்தாரப் படம் பார்த்துவிட்டு, "துணியத் தூக்கி வாசல்ல எறிஞ்சா பாருங்க, அதச் செய்யணும்" என்றாள். மற்றவர்கள் படத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரியே அவளுக்குப் பதில் சொன்னார்கள். இதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கேசட்டில் சாகுல், "கத முடிஞ்சிச்சு, எல்லாரும் போயி சோத்தப் பாருங்க" என்பார். உடனே அத்தனை பெண்களும் எழுந்து போய்விடுவார்கள். யாரும் யாரையும் போகச் சொல்வதில்லை. அதற்கு மேல் கேசட்டில் இருப்பது அவர்கள் ரெண்டு பேர் பேச்சு. மைமூன் கதவைச் சாத்திக்கொண்டு மிச்சத்தைக் கேட்பாள். முதல் நாள் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண்தான் என் முழங்கையைப் பிடித்து, "எந்திரிங்க டீச்சர்" என்று இழுத்துப் போனாள்.

அந்தச் சாத்திய கதவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரர் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசுவார், அதில் ஒன்று "மோட்டார் போட்டாச்சா". இவளுக்குக் கடல் தாண்டி ஒருத்தர் கேசட் தீரும்வரை பேசுகிறார். நல்ல மனிதர்களைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். எனக்கு அப்படி வந்ததில்லை.

இனி கதிரேசனுக்கு வருவோம். என் துறையில் என்னைவிட பன்னிரண்டு வயது இளையவர், கெட்டிக்காரர், என்னை யக்கா யக்கா என்றுதான் கூப்பிடுவார். மேற்கு ஆப்பிரிக்க வெகுஜன சினிமாவின் சமூக, பொருளாதாரத் தாக்கம் என்று ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் எங்கள் துறைக்குக் கிடைத்தது. அதன் மூலக் குறிப்பை எழுதியது நான். லாகோஸுக்கு ஆறு மாதம் ஒருவர் போகலாம். துறைத்தலைவர் கதிரேசனை அனுப்பினார்.

"பொம்பளப் புள்ள, அவ்வளவு தூரம் தனியா எப்படிம்மா?" என்றார் என்னிடம்.

எனக்கு நாற்பத்தாறு வயது. எனக்கே ஒரு பொம்பளப் புள்ள காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தது என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டவள் கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆறு மாதமும் நான் அதைத்தான் செய்தேன். கதிரேசன் அங்கிருந்து நீள நீளமாக மெயில் அனுப்புவார். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இன்னொரு தடவை படிப்பேன். ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். ஐயோ பாவம் என்று பதில் எழுதும்போதே, ஒரு வாரம் வேலை கெட்டிருக்குமே என்று உள்ளுக்குள் ஓடியது. இப்படித்தான் இருந்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் திரும்பி வந்ததும் ராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரியில் கருத்தரங்கு ஏற்பாடானது. அவருக்குக் காலை அமர்வு, பெரிய திரையில் படங்கள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு, சனம் கண்ணைச் சொருகுகிற நேரம். அவரிடம் இல்லாத எதையாவது வைத்து அந்தக் கூட்டத்தை எழுப்ப வேண்டும் என்று மைமூனிடம் போய் ஒரு கேசட்டைக் கேட்டேன்.

அவள் உடனே தரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி யோசித்தாள்.

"கதைய மட்டும் போடுவீகளா டீச்சர்?"

"கதையை மட்டுந்தான்."

"கத முடிஞ்சிச்சுன்னு சொல்லுவாக. அங்கன நிப்பாட்டிரணும். அதுக்கு மேல ஒரு சொல்லு வெளிய போயிரப்படாது. எம் மூத்தவளுக்கு இப்பத்தான் மண்டபம் ஊர்ல மாப்ள பேசி முடிச்சிருக்கு."

"மைமூன், நான் ஒரு வாத்தியாரு. எனக்கு இது தெரியாதா?"

சொன்ன சொல்லை வீட்டில் காப்பாற்றினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் அந்தக் கேசட் என் மேஜையில் கிடந்தது. ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் கதை முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். கை பரபரத்தது, ஆனாலும் கேட்கவில்லை. அதனால் மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கருத்தரங்கு அன்று காலையில் கதிரேசன் பேசி முடித்ததும் கைதட்டல் ஓயவில்லை. மத்தியானம் நான் ஏறினேன். மைமூன் பெயரையும் சாகுல் பெயரையும் மேடையிலேயே சொல்லி அறிமுகப்படுத்தினேன். அது முதல் முட்டாள்தனம். திரையில் படத்தை ஓடவிட்டு, பக்கத்தில் கேசட்டைப் போட்டேன். குண்டு மாமியார் வந்தாள், சாகுல் பேசினார், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மண்டபத்துக்காரர்கள், உச்சிப்புளிக்காரர்கள், வெளியூர்ப் பேராசிரியர்கள் எல்லாம் புதுமடத்துப் பெண்களைப் போலவே சிரித்தார்கள். முன்வரிசையில் கதிரேசன் மட்டும் சிரிக்காமல் விறுவிறுவென்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். என் கேசட்டில் இருந்து, தான் எழுதப்போகும் புத்தகத்துக்கு எடுக்கிறார் என்று எனக்குப் பட்டது. எரிந்தது.

"கத முடிஞ்சிச்சு, எல்லாரும் போயி சோத்தப் பாருங்க" என்றார் சாகுல்.

பின்வரிசையில் நான்கு பெண்கள் எழுந்தார்கள். புதுமடத்தில் இருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படிக்கும் பிள்ளைகள், உங்கள் ஊர்ப் பெருமையை வந்து கேளுங்கள் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். நான்கு பேரும் வரிசையாக வெளியே போனார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று அந்தக் கூடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

என் விரல் பட்டன் மேல்தான் இருந்தது. கேசட்டில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு,

"மைமூனு, எல்லாரும் போயிட்டாகளா? கதவச் சாத்திட்டியா?"

கதிரேசன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். காலையில் இருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அப்போது வந்தது. வாயைத் திறந்தபடி, வெறுங்கையோடு, என்னிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்று தெரிந்துகொண்ட முகம். ஆறு மாதமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். பட்டனை அமுக்கினால் அது போய்விடும். நான் அமுக்கவில்லை.

சாகுல் பேசினார். மேனேஜர் வேலை போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்றார். அந்த முதலாளி கடையை மூடிவிட்டாராம். இப்போது வேறு ஒருவரிடம் சிடிகளை உறையில் போடுகிற வேலை. "நாளு பூரா நின்னுக்கிட்டே போடணும் புள்ள. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு, செருப்பு நுழைய மாட்டேங்குது. கல்யாணம் முடியிற வரைக்கும் யார்ட்டயும் சொல்லிராத, மேனேஜருன்னே இருக்கட்டும். ஒங்கிட்ட மறைக்க மாட்டாம சொல்றேன்." பிறகு அழுதார். பெரிய ஆம்பிள்ளை அழுகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். அழுது முடித்து, "அழுதது பதிஞ்சிருச்சு போல, அழிக்கத் தெரியல எனக்கு, நீ அத விட்டுரு" என்றார். கேசட் தானாக டக் என்று நின்றது.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. வேலைக்குப் போனவன் படுகிற பாட்டை இதைவிட யாரும் சொல்ல முடியாது என்று வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேநீர் வேளையில் கதிரேசன் வந்தார். கண் சிவந்திருந்தது.

"யக்கா, ஆறு மாசம் அந்தச் சந்தையில அலைஞ்சேன். உறை போடுறவங்ககிட்டயும் உக்காந்து பேசியிருக்கேன். ஒருத்தரும் எங்கிட்ட இப்படிப் பேசல. உங்க மேல பொறாமையா இருக்கு."

மிளகாய் அரைத்த கைக்கு மோர் ஊற்றிய மாதிரி இருந்தது எனக்கு.

"அந்தம்மா அந்தக் கடைசிப் பகுதியையும் போடச் சொன்னாங்களா யக்கா?" என்றார்.

"அதெல்லாம் கேட்டாச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன்.

ராமநாதபுரத்தில் தும்மினால் உச்சிப்புளியில் "நூறு" என்று வாழ்த்துகிற ஊர் இது. அன்று சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் விஷயம் மாப்பிள்ளை ஊரான மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் நான் புதுமடம் போனபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து போயிருந்தார்கள். "என்ன வேல பாத்தா என்ன, உழைச்சுத்தான சாப்புடுறாரு. பொய் சொல்லிப் பொண்ணு குடுக்குறதுதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, தேதியைத் தள்ளிவைத்துப் போனார்களாம்.

மைமூன் என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் திட்டவில்லை.

"கல்யாணம் நின்னா அல்லா வேற மாப்ளயக் காட்டுவான் டீச்சர்" என்றாள். "எங்க வீட்டுக்காரவுகளுக்கும் யாரோ போன் போட்டுச் சொல்லிட்டாக. காலையில பேசுனாக. எத்தன பேரு கேட்டாகன்னு கேட்டாக. நான் தெரியாதுன்னேன். ஆம்பளைகளும் இருந்தாகளான்னு கேட்டாக. அதுக்கப்புறம் போன வச்சுட்டாக. இனிமே எங்கிட்டப் பேசமாட்டாக டீச்சர். எனக்கு அது தெரியும். என்னதான் ஆச்சு அங்கன?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

"மெசினு மைமூன். பட்டன் சிக்கிருச்சு. நான் அமுக்குறேன் அமுக்குறேன், நிக்கவே இல்ல."

அவள் முகம் தெளிந்தது. "மெசினுதானா? நான் வேற என்னென்னமோ நெனச்சுட்டேன். மெசினு பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீக" என்று சொல்லி எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன்.

அடுத்த நாலு மாதத்தில் மூன்று சிடி வந்தது. கேசட் வரவில்லை. பெண்கள் கூடி, சத்தத்தை வைத்தும் வைக்காமலும் பார்த்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தியாகப் போய்விட்டார்கள். மைமூன் போனில் சாகுலிடம் மெசின் மெசின் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மண்டபத்து மாப்பிள்ளை அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றதால் நிக்காவும் நடந்தது. என்னையும் அழைத்தார்கள். பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் நல்ல கதையாக இருக்கும். நன்றாகத்தான் சாப்பிட்டேன். பந்தியில் மைமூன் ஓடி வந்து என் காதில், "பேசி அனுப்பியிருக்காக டீச்சர்! கேசட்டு வந்துருச்சு!" என்றாள்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். சொன்ன பொய்தான் ரெண்டு பேரையும் சேர்த்துவைத்திருக்கிறது என்று ஒரு சின்னக் குழந்தைக்குப் புரிந்திருக்கும். ஆனால் கதிரேசன் எங்கே போனாலும் என் அமர்வைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் புகழப் புகழ எனக்கு உறுத்தியது. பொறாமைப்பட்டவரே பெருந்தன்மையாக நடந்துகொள்கிறார், நான் மட்டும் கள்ளியாக இருப்பதா என்று அதிலும் ஒரு போட்டி எனக்கு. ஒரு நாள் கிளம்பிப் புதுமடம் போனேன். மைமூன் கொல்லையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பட்டன் நல்லாத்தான் இருந்துச்சு மைமூன். நாந்தான் அமுக்கல."

அவள் கை நின்றது. "எதுக்கு?"

"எங்கூட வேலை பாக்குறவரு ஒருத்தரு முன்னாடி உக்காந்திருந்தாரு. அவரு மேல பொறாமை."

"அவருக்கு எங்க வீட்டுக்காரவுகளத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் மீனை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, நிதானமாக, இரண்டு தடவை கழுவினாள்.

"மெசினுன்னு நான் அவுகட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் டீச்சர். அத நம்பித்தான் திரும்ப வாயத் தொறந்திருக்காக. இப்ப இத நான் சொன்னா மூடிருவாக. சொல்லாட்டி, கேசட்டுல அவுக பேசுற ஒவ்வொரு தடவையும் நான் பொய்க்காரியா உக்காந்து கேக்கணும். இத்தன நாளு அது இல்லாம இருந்தேன். ஒங்க மனசு லேசாகணும்னா வேற எங்கனயாச்சும் போயி எறக்கியிருக்கலாம்ல? எந் தலையிலயா கொண்டுவந்து வைக்கணும்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அவுகளுக்கு மெசினாவே இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க" என்று சொன்னவள், ஒரு நொடி நின்று, "வராதீக" என்று திருத்தினாள்.

பிறகு நான் போகவில்லை. நோட்டுகளை எல்லாம் கட்டிக் கதிரேசனிடம் கொடுத்து, புதுமடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, எழுதவும் இல்லை. புத்தகம் வந்தது, நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், பாவி. நான் ஓய்வு பெற்றேன். இன்றைக்கு உங்கள் தலையில் இதை இறக்கிவைத்திருக்கிறேன். பெயர்களை மாற்றித்தான் சொன்னேன். அது யார், எந்த வீடு என்று விசாரித்துக்கொண்டு உங்களில் எவரும் பஸ் ஏற வேண்டாம்.